போப்பாண்டவரைத் திட்டிய காகிதங்களுக்கு நடுவே

நூலகத்தில் பட்டியல் அட்டை எழுதுகிறவனுக்குச் சொந்த அபிப்பிராயம் இருக்கக் கூடாது. இருந்தாலும் அதை எழுத அட்டையில் இடம் கிடையாது. இந்த உத்தியோகம் பார்த்தவர்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், யாரோ எழுதிவைத்ததையெல்லாம் தலைப்புவாரியாக அடுக்கியே முதுகு வளைந்தவர்கள் அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்களாவது ரசாயனத்தையோ சரித்திரத்தையோ அடுக்கியிருப்பீர்கள். நான் அறுபதுகளின் கடைசியில், ஜெர்மனியில் ரைன் நதிக்கரை ஊர் ஒன்றில், வசவுகளை அடுக்கினேன்.

இங்கிலாந்தில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பென்னிக்குத் தெருவில் கூவி விற்ற ஒற்றைத்தாள் பாட்டுகள், படங்கள், குட்டிப் புத்தகங்கள். எல்லாம் போப்பாண்டவரையும் அவருடைய குருமார்களையும் கன்னியாஸ்திரீகளையும் திட்டியவை. ஹாம்பர்க்கில் ஒரு வியாபாரக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்து, கடைசியில் இடம் போதாமல் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்துவிட்டது.

நடுநிலையாளர் தேவை

நான் பாளையங்கோட்டையிலிருந்து ஆங்கில இலக்கிய ஆராய்ச்சிக்காகப் போனவன். உதவித்தொகை முடிந்து கையைப் பிசைந்துகொண்டிருந்த சமயத்தில் நூலகத்தின் பழைய நூல் பகுதித் தலைவர் டாக்டர் ஹார்ட்விக் கூப்பிட்டு அனுப்பினார். பெட்டிகள் வந்து மாதக்கணக்காகியும் யாரிடமும் கொடுக்க முடியவில்லை என்றார். அந்த ஊரில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் புராட்டஸ்டண்ட். கத்தோலிக்க ஊழியரிடம் கொடுத்தால் முகம் சிவந்து எழுந்து போய்விடுகிறார். புராட்டஸ்டண்ட் ஊழியரிடம் கொடுத்தால் ரசித்துப் படிக்கிறார் என்று மற்றவர்கள் புகார் சொல்கிறார்கள்.

நான் இந்து என்று அவராகவே முடிவு செய்திருந்தார். இந்த வேலைக்கென்றே கடவுள் அனுப்பிய ஆள் நீங்கள் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் இந்து இல்லை, பரம்பரையாகப் புராட்டஸ்டண்ட், எங்கள் தெருக் கோயிலைக் கட்டிய பாதிரியாரே ஒரு ஜெர்மன்காரர்தான் என்று சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னிடம் சொன்னீர்கள், சரி. வேறு யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கட்டடத்தில் நடுநிலையானவர் என்று பார்த்தால் நீங்கள் ஒருவர்தான்."

சிரித்ததற்கு மட்டும்

எங்கள் தொழிலில் படத்தைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். 'மூன்றடுக்குக் கிரீடம் அணிந்த மனிதர். அவர் காதில் கொம்புள்ள ஓர் உருவம் துருத்தியால் ஊதுகிறது.' இவ்வளவுதான். ஊதுவது பிசாசா, அது என்ன ஊதுகிறது என்பதெல்லாம் படிக்க வருகிறவர் பாடு. நான் கையால் எழுதிக் கொடுப்பதை ஃப்ராவ் கெஸ்லர், அதாவது திருமதி கெஸ்லர், தட்டச்சு செய்வார். ஐம்பதைத் தாண்டிய விதவை. கணவர் போரில் இறந்துபோனவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கத்தோலிக்கர். ஞானதுரை என்ற என் முழுப் பெயர் வாயில் நுழையாமல், மிஸ்டர் துரை என்கிற மாதிரி என்னை 'ஹெர் துரை' என்று சுருக்கிவிட்டார்.

முதல் சில வாரங்கள் அந்த அம்மாள் முகத்தை இறுக்கிக்கொண்டு தட்டினார். எனக்கே சங்கடமாக இருந்தது. வசவு கொஞ்சம் முரடாக வருகிற தாளை எழுதிக் கொடுக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஒருநாள் போப்பாண்டவருக்குக் கழுதைத் தலை வைத்த படம் ஒன்று வந்தது. 'வலது காது இடது காதைவிட நீளம்' என்று நான் எழுதியிருந்தேன். தட்டச்சுச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் அவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்லிவிட்டாராம். திங்கட்கிழமை காலையில் கோட்டைக் கழற்றி மாட்டுமுன்னே எனக்குத் தகவல் வந்தது.

"தட்டச்சு செய்ததில் பாவம் எதுவும் இல்லையாம், ஹெர் துரை. சிரித்ததற்கு மட்டும் மூன்று 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்ல வேண்டுமாம்."

தும்மல்

பழைய காகிதத் தூசி யாரை விட்டது? உங்களில் பாதிப் பேருக்கு இந்நேரம் மூக்கு அரித்திருக்கும். எனக்குத் தும்மல் நிற்காமல் போய், கண்ணெல்லாம் வீங்கி, பக்கத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெள்ளை உடையில் வந்த நர்ஸ் என் பெயர்ச் சீட்டைப் பார்த்துவிட்டு, சுத்தமான திருநெல்வேலித் தமிழில், "பாளையங்கோட்டையா?" என்று கேட்டாள். எத்தனையோ மாதமாக யாரும் என்னிடம் தமிழில் பேசியதில்லை. பதில் சொல்லுமுன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தும்மலால் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவள் பெயர் ரெஜினா. தூத்துக்குடி. கேரளத்துப் பெண்கள் கூட்டமாக நர்ஸ் வேலைக்கு வந்தபோது கூட வந்த ஒரே தமிழ்ப் பெண். ஞானதுரை என்ற பெயரைப் பார்த்ததுமே நான் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரெஜினா என்று கேட்டதுமே அவள் கத்தோலிக்கம் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் விசாரணை தேவையில்லை. தும்மல் எதனால் என்று டாக்டர் கேட்கச் சொன்னார். நான் பார்க்கும் வேலையைச் சொன்னேன். அவள் அதை டாக்டருக்குச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டை என் கையில் கொடுக்கும்போது ரகசியம் மாதிரி சொன்னாள்.

"முந்நூறு வருசத்துக்கு முந்தி எவனோ எங்க போப்பாண்டவர வைஞ்சிருக்கான். தும்மலு உங்களுக்குல்லா வருது."

வாசகர் ஒருவர்

இந்தத் தொகுப்பைப் பார்க்க வந்த முதல் வாசகர் ஒரு கத்தோலிக்க யேசுசபைக் குருவானவர். ஃபாதர் லென்ஸ் என்று பெயர். மெலிந்த, உயரமான மனிதர். பெட்டியில் இருந்த தாள்களில் பாதி யேசுசபைக்காரர்களைத்தான் வைதன. லண்டனுக்குத் தீ வைத்தவர்கள் அவர்கள், ராஜாவுக்கு விஷம் வைக்கப் பார்த்தவர்கள் அவர்கள், கடலுக்கடியில் சுரங்கம் தோண்டியவர்களும் அவர்களே. அச்சடித்தவனுக்கு ஊரில் எது கெட்டுப்போனாலும் காரணம் தயாராக இருந்தது.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அந்த நிசப்தமான வாசகசாலையில் தோள் குலுங்க, சத்தம் வெளியே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த வாரங்களிலும் வந்தார். நான் மெதுவாக அவரிடம் போய், மனசு கஷ்டப்படவில்லையா என்று கேட்டேன். படுகிறது என்றார். இந்தத் தாள்களைப் படித்த ஜனங்கள் நிஜமாகவே சில குருமார்களைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள், அந்தப் பெயர்கள் வரும்போது சிரிப்பு வருவதில்லை என்றார். பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆனால் இதைப் பாருங்கள். இதில் சொல்லியிருக்கிற சாமர்த்தியத்தில் கால்வாசி எங்களுக்கு இருந்திருந்தால், எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எப்போதோ கூரை போட்டிருப்போம்."

தொப்பிக்காரன்

தும்மல் நின்ற பிறகும் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன் என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஓய்வு கிடைத்த ஒரு மத்தியானம் ரெஜினா நூலகத்துக்கு வந்தாள். அவளுக்குக் காட்டுவதற்காகச் சாதுவான தாள்களாகப் பொறுக்கி வைத்திருந்தேன். அவள் அவற்றைப் புரட்டிவிட்டு, இதுக்கா உங்களுக்குச் சம்பளம் தாராங்க, மோசமானதைக் காட்டுங்க என்றாள்.

காட்டினேன். அரசனைக் கொல்லச் சதி செய்யும் கத்தோலிக்கச் சாமியார். அகலமான தொப்பி, ஒரு கை இடுப்பில். பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் வாடிவிட்டது. அவசரமாக இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அது காதல் பாட்டு. காதலி வீட்டு வாசலில் நிற்பவனும் அதே தொப்பி, அதே இடுப்புக் கை. அந்தக் காலத்து மலிவு அச்சகக்காரர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் புதிதாகப் படம் செதுக்க மாட்டார்கள் என்று விளக்கினேன். கையில் இருக்கும் மர அச்சைத் திரும்பத் திரும்ப எடுத்து ஒற்றுவார்கள். வரைந்தவனும் அச்சடித்தவனும் கத்தோலிக்கச் சாமியார் ஒருவரைக்கூட வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் பழைய களை மெல்லத் திரும்பி வந்தது.

"பாவம், இவன் என்ன செய்வான். நிக்கச் சொன்ன எடத்துல நின்னுருக்கான்."

துணி காயப்போட்ட நாள்

அந்த வருஷம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று ரெஜினாவிடம் கேட்டேன். சம்மதம்தான், ஆனால் அப்பா வேண்டாம் என்றால் மாட்டேன் என்றாள். அவள் அழாமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊருக்கு எழுதினோம். தூத்துக்குடியிலிருந்து, பையன் ஆர்.சி.க்கு மாறுவானா என்று கேட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்து என் அம்மா, பெண் நம்ம சபைக்கு வருவாளா என்று கேட்டாள். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் போனால் ஒரு தூக்கம் தூங்கி எழுவதற்குள் வந்துவிடும். கப்பலில் வேலையாக ஹாம்பர்க்குக்கு வரவிருந்த ரெஜினாவின் அண்ணன் மிக்கேல் என்னை நேரில் பார்த்து முடிவு சொல்வார் என்று பேச்சு நின்றது.

வேலையில் புத்தி போகவில்லை. ஒரே தாளுக்கு இரண்டு அட்டை எழுதினேன். ஃப்ராவ் கெஸ்லர் விஷயத்தைக் கறந்துவிட்டார். அவருடைய கணவர் புராட்டஸ்டண்ட் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். இரண்டு குடும்பமும் ஒரே தெரு. கத்தோலிக்கர்களின் நற்கருணைப் பவனி அந்தத் தெருவழியே போகும் நாளில் மாமியார் வேண்டுமென்றே துணி துவைத்து, ஆண்களின் நீளமான உள்ளாடைகளை வாசலில் காயப்போடுவாராம். புராட்டஸ்டண்ட்காரர்களுக்குப் பெரிய வெள்ளிதான் வருஷத்தில் பெரிய நாள். அன்றைக்கு ஃப்ராவ் கெஸ்லரின் அம்மா எல்லாக் கம்பளத்தையும் வெளியே போட்டுத் தூசி பறக்க அடிப்பாராம். வருஷா வருஷம் இது தவறியதில்லை. பிறகு போர் வந்து, தெருவே இடிந்தது.

"காயப்போடத் துணியும் அடிக்கக் கம்பளமும் இல்லாமல் போன பிறகுதான் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். என் கணவர் அதைப் பார்க்க இல்லை. உங்கள் வீட்டார் அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஹெர் துரை."

கப்பல்காரர்

மிக்கேல் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. ஆஸ்பத்திரி விடுதியில் கேக்கும் காப்பியும், புதுச் சட்டையில் நானும். கப்பல் முன்னதாகக் கரை சேர்ந்ததால் அவர் வெள்ளிக்கிழமையே ரயிலேறிவிட்டார். நூலக வாசலில் இருந்தவர், இந்திய முகம் என்றால் இந்தியனின் அறைக்குத்தான் என்று நேரே என்னிடம் அனுப்பிவிட்டார். நிமிர்ந்து பார்க்கிறேன், கனத்த கம்பளிக் கோட்டும் தோளில் பையுமாகக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறார். ரெஜினாவின் அதே கண்கள்.

மேசையில் அன்றைக்குப் புகைப்படம் எடுப்பதற்காக விரித்து வைத்திருந்த தாள் எது என்கிறீர்கள்? இருந்ததிலேயே பெரியது. வரிசை வரிசையாக ஆட்கள் தீவட்டி பிடித்துப் போகிறார்கள். துறவிகள், பிஷப்புமார், கடைசியில் பல்லக்கு மாதிரி ஒன்றில் மூன்றடுக்குக் கிரீடத்துடன் ஓர் உருவம். அவர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சப்பரமா தம்பி? மாதா கோயில் திருநாளு மாதிரில்லா இருக்கு."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கையிடம் அதைச் சொல்வார், அவளுக்கு உண்மை தெரியும். சப்பரம் இல்லை அண்ணாச்சி, போப்பாண்டவரைப் போல் பொம்மை செய்து, ஊர்வலமாகக் கொண்டுபோய் எரிக்கிறார்கள் என்று சொன்னேன். தாளின் ஓரத்தில் இருந்த நெருப்பையும் காட்டினேன். அவர் நிமிர்ந்தார். கழுத்தில் கிடந்த ஜெபமாலையை ஒரு கை பிடித்துக்கொண்டது.

பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, வந்த காரியத்தைப் பேசினார். அப்பா இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தார். பையன் மாறுவானா என்று கேள். மாட்டான் என்றால், நம்ம பிள்ளைக்குப் புத்தி சொல்லி ஊருக்கு அனுப்பி வை. நான் மாற மாட்டேன் என்றேன். ரெஜினாவை மாறச் சொல்லவும் மாட்டேன், அவள் எப்படி இருக்கிறாளோ அப்படித்தான் எனக்கு வேண்டும் என்றேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

வெளியே போவதற்கு முன் தாளை உள்ளே வைக்க வேண்டும். அப்படியே விட்டுப்போக எங்களுக்கு அனுமதி இல்லை. கை கழுவி, ஈரம் போகத் துடைத்தேன். தாளுக்கு அடியில் ஒரு கெட்டி அட்டையை மெல்லச் செருகி, மூச்சை அடக்கி, இரண்டு கையாலும் ஏந்தினேன். காற்றுப் படக் கூடாதென்று அவர் தானாகவே போய்க் கதவைச் சாத்தினார். இழுப்பறையையும் திறந்து பிடித்தார். கிழிந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மெல்லிசுக் காகிதம் வைத்து ஒட்டலாம், ஆனால் முன்போல் ஆகாது, கிழியாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலையே என்றேன். இழுப்பறையை அவரே மூடினார். மூடிய கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"எங்க போப்பாண்டவர வைஞ்ச காயிதத்தையே இம்புட்டுப் பதனமாத் தாங்குதிய. எங்க பிள்ளையத் தாங்காமலா போயிருவிய?"

முன்வரிசை

கப்பல் திரும்பிப் போனதும் அண்ணன் அப்பாவிடம் என்ன சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அப்பாவிடமிருந்து சம்மதம் வந்தது. பிறக்கும் பிள்ளைகள் ஆர்.சி.யாக வளர வேண்டும், மாப்பிள்ளை அவர் கோயிலுக்கே போய்க்கொள்ளட்டும் என்று எழுதியிருந்தார். என் அம்மா அழுது முடித்துவிட்டு, ஜெர்மன்காரியைக் கூட்டிக்கொண்டு வராமல் விட்டானே என்று பக்கத்து வீட்டில் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டாளாம். எனக்கு அதுவே ஆசீர்வாதமாக இருந்தது.

எழுபதுகள் பிறந்து கொஞ்ச காலத்தில், ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தில், ஃபாதர் லென்ஸ் எங்கள் கல்யாணத்தை நடத்திவைத்தார். டாக்டர் ஹார்ட்விக் வந்து, இனி நடுநிலைக்கு நான் யாரைத் தேடுவது என்று கவலைப்பட்டார். பெண்ணின் அம்மா உட்கார வேண்டிய முன்வரிசை காலியாக இருந்தது. ரெஜினா வாசலிலேயே நின்று, பின்வரிசையில் இருந்த ஃப்ராவ் கெஸ்லரைக் கைப்பிடித்து அழைத்துப்போய் அங்கே உட்காரவைத்தாள். பிறகுதான் பீடத்துக்கு வந்தாள். பூசை முடிந்து நாங்கள் அவர் அருகில் போனபோது, அந்த அம்மாள் எழுந்திருக்காமல் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று குனிந்து கேட்டேன்.

"எங்கள் கல்யாணத்தை, அவர் வேறு சபை என்பதால், சாமியார் அங்கி மாட்டுகிற பின்னறையில் வைத்துத்தான் முடித்தார்கள், ஹெர் துரை. எங்களைப் போல இரண்டு பேர் பீடம் வரைக்கும் நடந்துபோவதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

அதற்குப் பிறகும் பல வருஷம் அந்தக் காகிதங்களுக்கு அட்டை எழுதினேன். எங்கள் வீட்டில் மட்டும், ரெஜினாவிடம் திட்டு வாங்க நான் ஒருவன் இருப்பதால், போப்பாண்டவர் இதுவரை நிம்மதியாக இருக்கிறார்.